கேள்வி கேக்கிற ஆளைக் காட்டாத கேம் ஒண்டு செய்யிறம், பதிலை எங்கயிருந்து எடுக்கிறது?

திண்ணைவேலிப் பெடியன்:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

பகல்ல ஒரு கொம்பனிக்கு வெப்சைட் வேலை, இரவில நானும் சிநேகிதன் ஒருத்தனும் சேர்ந்து ஒரு சின்ன துப்பறியிற கேம் செய்யிறம், ஒரு வருசத்துக்கு மேலா இழுபடுது. இந்த விசரைத் தொடக்கி வச்சது ஹேர் ஸ்டோரி எண்ட கேம் (தலைமயிர்க் கதை இல்ல, அவளின்ர கதை). 2015இல சாம் பார்லோ எண்ட இங்கிலாந்துக்காரர் செய்தது. விளையாடாத ஆக்களுக்குச் சொல்லுறன், பழைய பொலிஸ் கொம்பியூட்டர் ஒண்டுக்கு முன்னால நீங்கள் இருக்கிறியள், உள்ளுக்க 1994இல ஒரு பொம்பிளையை ஏழு தரம் விசாரிச்ச வீடியோ இருக்கு, புருசனைக் காணேல்ல எண்டு தொடங்கின விசாரணை. ஆனா வீடியோ முழுசா இல்ல, 271 துண்டா உடைஞ்சு கிடக்கு. தேடுற பெட்டியில ஒரு சொல்லை அடிச்சா அவ அந்தச் சொல்லைச் சொன்ன துண்டுகள் வரும், அதிலயும் முதல் அஞ்சை மட்டும்தான் பாக்க விடும். கேள்வி கேட்ட பொலிஸ்காரர்ர குரல் ஒரு இடத்திலயும் இல்ல. அவ சொல்லுற பதிலை வச்சு அங்கால என்ன கேட்டிருப்பினம் எண்டு நாங்கள்தான் யோசிக்கோணும். மாரி மழைக்க ரெண்டு இரவு இருந்து முடிச்சனான், பக்கத்தில ஒரு கொப்பியும் பேனையும் வச்சுக்கொண்டு.

பிறகு இந்த மனிசன் எப்பிடி இதுக்கு வந்து சேர்ந்தவர் எண்டு தேடித்தேடி வாசிச்சன். 1999இலயே எழுத்து மட்டும் உள்ள ஒரு கேம் செய்திருக்கிறார், சூப்பர்மார்க்கெட் ஒண்டில நிக்கிற ஒரு ஆள், நீங்கள் ஒரே ஒரு கட்டளைதான் குடுக்கலாம், அதோட கதை முடிஞ்சுது, திருப்பியும் முதல்ல இருந்து, ஒவ்வொரு தரமும் அந்த ஆளைப் பற்றி ஒரு துண்டு விளங்கும். 2009இல சைலண்ட் ஹில் வரிசையில அவர் செய்த கேமில விளையாடுற ஆளையே ஒரு மனநல டொக்டருக்கு முன்னால இருத்திக் கேள்வி கேட்டு, பதிலுக்குத் தக்கமாதிரி கேமை மாத்தினவர். அதில கேள்வி மட்டும் இருந்தது, இதில பதில் மட்டும் இருக்கு, வருசக்கணக்கா ஒரே விசயத்தைத்தான் மாத்தி மாத்திச் சுத்தியிருக்கிறார் போல. நடுவில பெரிய கேம் ஒண்டில வேலை செய்து அது பாதியில நிப்பாட்டுப்பட்டுப்போச்சு, அதில வேலை செய்த விவா செய்ஃபேர்ட் எண்டவவைத்தான் பேந்து ஹேர் ஸ்டோரியில அந்தப் பொம்பிளையா நடிக்கக் கூப்பிட்டவர். உண்மையான பொலிஸ் விசாரணை வீடியோ கனக்கப் பாத்திருக்கிறார், விசாரணை அறையை வச்சு வந்த அமெரிக்க ரீவி நாடகமும் தன்ர மண்டைக்குள்ள இருந்தது எண்டு சொல்லியிருக்கிறார். நடிப்பை அஞ்சு நாளில எடுத்து, பழசாத் தெரியோணும் எண்டு விஎச்எஸ் ரேப்பில பதிஞ்சு எடுத்தவராம்.

சரி, அதெல்லாம் அவரின்ர. எங்கட கேமில ஒரு பொலிஸ் ஸ்டேசன், ஒரு நகைக் களவு, ஒரு அக்கா, 180 துண்டு எழுதி வச்சிருக்கிறம். என்ர தங்கச்சி வாசிச்சுப்போட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டவள், "இது ஆர், மெட்ராஸ் சீரியல் பொம்பிளையோ?" எண்டு. அதோட என்ர உசார் எல்லாம் போச்சு. ஏனெண்டா உண்மைதான். நான் பொலிஸ் விசாரணை எண்டு பாத்ததெல்லாம் படத்திலயும் யூரியூப்பிலயும்தான்.

அதால கேக்கிறன், ஆரோ கேள்வி கேக்க ஆரோ பதில் சொல்லுறதை நீங்கள் நேர கேட்டது எங்க? வழக்கு நடக்கிற கோடு, கந்தோர், கலியாணம் பேசுற இடம், எதெண்டாலும் பரவாயில்ல. ரெண்டாவது, தமிழில சொல் தேடுறது எங்களுக்குச் சரிவருகுதில்ல, "கிணறு" எண்டு அடிச்சா "கிணத்தடி" வருகுதில்ல. அதுக்கும் ஆரும் வழி சொல்லுங்கோ.

பழைய கிளாக்கர்:

தம்பி, கேம் எனக்கு விளங்காது, பேரன்தான் இதை வாசிக்கத் தந்தவன். ஆனா நான் ஒரு சட்டத்தரணியிட்ட 31 வருசம் கிளாக்கரா இருந்தனான், வாக்குமூலம் எண்டா மூட்டை மூட்டையா வாசிச்சிருக்கிறன்.

நீர் சொல்லுற அந்தக் கேள்வி இல்லாத பதில் எங்கட நாட்டில புதுசில்ல. பொலிசில குடுக்கிற வாக்குமூலம் அப்பிடித்தான் இருக்கும். 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்ர 110ஆம் பிரிவில, ஆள் சொல்லுறதை எழுதேக்க, விளக்கத்துக்கு இடையில கேட்ட கேள்வியையும் பதிலையும் சேர்த்து ஒரு கதை சொல்லுறமாதிரி எழுதச் சொல்லிக் கிடக்கு. அப்ப என்ன நடக்கும் எண்டா, கேள்வி எல்லாம் பதிலுக்குள்ள கரைஞ்சுபோம். "எனது பெயர் இன்னார். நான் மேற்படி விலாசத்தில் வசிக்கிறேன். நான் அன்று சந்தைக்குச் செல்லவில்லை. எனது சைக்கிளை நான் எவருக்கும் இரவல் கொடுக்கவில்லை." இப்பிடிப் போகும்.

இப்ப யோசியும். ஒரு மனிசி தன்ர பாட்டில வந்து இருந்து "நான் சந்தைக்குப் போகேல்ல" எண்டு சொல்லுவாவோ? போகாத இடம் ஆயிரம் இருக்கு, ஏன் சந்தையை மட்டும் சொல்லுறா? கேட்டிருக்கிறான். சைக்கிளைப் பற்றியும் கேட்டிருக்கிறான். எங்கட ஐயா (சட்டத்தரணியைச் சொல்லுறன்) வாக்குமூலம் வந்தா சிவப்புப் பென்சில் எடுத்து "இல்லை" எண்டு முடியிற வசனத்துக்கு மட்டும் கீறுவார். ஒவ்வொரு "இல்லை"க்குப் பின்னாலயும் ஒரு கேள்வி ஒளிச்சுக்கொண்டு நிக்குது எண்டு சொல்லுவார். கீறி முடியப் பாத்தா பொலிசுக்கு எவ்வளவு தெரியும், ஆர் போய்ச் சொல்லியிருக்கிறான் எண்டது வடிவாத் தெரியும்.

இன்னொண்டு. உம்மட கேமில கடைசியில ஆள் அழுது ஒத்துக்கொள்ளுற காட்சி வச்சிருந்தா எடுத்துவிடும். பொலிஸ்காரனிட்டச் சொன்ன குற்ற ஒப்புதல் சாதாரண வழக்கில ஆளுக்கு எதிரா செல்லாது, 1895ஆம் ஆண்டின்ர சாட்சியக் கட்டளைச் சட்டம் 25ஆம் பிரிவு. பயங்கரவாதத் தடைச் சட்டத்திலதான் ஏஎஸ்பியோ (உதவிப் பொலிஸ் அத்தியட்சகர்) அதுக்கு மேலயோ உள்ளவரிட்டக் குடுத்தா செல்லும் எண்டு 1979இல கொண்டுவந்தவங்கள். அதால வந்த வினை உமக்குத் தெரிஞ்சிருக்கும், நான் சொல்லத் தேவையில்ல. பிறகு, தமிழில சொன்னதை வேற மொழியில எழுதி, என்ன எழுதிக் கிடக்கெண்டு தெரியாமலே கையெழுத்து வச்ச சனமும் இருக்கு. கேமுக்குள்ள அந்த எழுத்தும் ஒரு சாட்சியா வரலாம், வாயால சொன்னது ஒண்டு, கடதாசியில கிடக்கிறது வேறொண்டு.

மழைக்கோட்டு:

ஆண்ட்ராய்டுக்கு வருமோ அண்ணை?

சூரிச் குளிர்:

கிளாக்கர் அண்ணை சொன்னதை வாசிக்க எனக்கு வேற ஒரு அறை ஞாபகம் வந்தது. எங்கட ஆக்களுக்கு விசாரணை எண்டா பொலிஸ் மட்டுமோ? அகதி இன்ரவியூ எத்தினை ஆயிரம் பேர் குடுத்திருப்பினம். நான் இஞ்ச சுவிசுக்கு வந்தது 93இல, 20 வயசு. முதல் வந்த உடன ஒரு சின்ன விசாரணை, கொஞ்ச மாசம் கழிச்சுப் பெரிய விசாரணை. ஒரு மேசை, கேக்கிற ஒருத்தர், தட்டச்சு அடிக்கிற ஒருத்தர், மொழிபெயர்க்கிற ஒருத்தர், நான். முடிய எல்லாத்தையும் திருப்பித் தமிழில வாசிச்சுக்காட்டி ஒவ்வொரு பக்கத்திலயும் கையெழுத்து.

எனக்கு நடந்ததைச் சொல்லுறன். முதல் விசாரணையில "ஐயாவைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்" எண்டு சொன்னனான். எங்கட வீட்டில அப்பாவை ஐயா எண்டுதான் கூப்பிடுறது, உங்களுக்குத் தெரியும்தானே. மொழிபெயர்த்தவர் எங்கட பக்கத்து ஆள் இல்ல, அவருக்கு ஐயா எண்டா மரியாதைப்பட்ட ஆரோ ஒரு பெரியவர், அப்பிடியே ஜேர்மன்ல சொல்லிவிட்டிட்டார். ரெண்டாம் விசாரணைக்கு வேற ஆள் வந்தவர், யாழ்ப்பாணத்து ஆள், அவர் சரியா "தகப்பனார்" எண்டு சொல்லியிருக்கிறார். கேக்கிறவர் ரெண்டு பேப்பரையும் பக்கத்தில வச்சுக்கொண்டு, முதல்ல ஒரு பெரியவரைப் பிடிச்சது எண்டு சொன்னனீர், இப்ப தகப்பன் எண்டுறீர், எது உண்மை எண்டு கேக்கிறார். எனக்கு அந்தக் கேள்வியே விளங்கேல்ல, ஏனெண்டா நான் ரெண்டு தரமும் ஒரே சொல்லைத்தான் சொன்னனான். முழுசிக்கொண்டு இருந்தன். முழுசினதையும் பொய்க்குச் சேர்த்தினம் எண்டு நினைக்கிறன்.

திகதியும் அப்பிடித்தான். "ஆவணியில" எண்டு சொன்னா ஓகஸ்ட் எண்டு எழுதுவினம். எங்கட கலண்டர்க் கணக்கில ஓகஸ்டும் ஆவணிதான், கோயில் கணக்கில ஆவணி ஓகஸ்ட் நடுவில பிறந்து செப்ரெம்பருக்குள்ள போகும். அம்மா எல்லாத்தையும் கோயில் கணக்கிலதான் சொல்லுறவ, நல்லூர்க் கொடியேறி இத்தினையாம் நாள் எண்டு, 25 நாள் திருவிழாவில அவவுக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கணக்கு. இல்லாட்டி யாழ்ப்பாணமே வெளிக்கிட்டுப் போன இடப்பெயர்வுக்கு முதல், இடப்பெயர்வுக்குப் பிறகு. 95 ஒக்ரோபர் 30 எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டினம், "நாவற்குழிப் பாலத்தால போன அண்டைக்கு" எண்டுதான் சொல்லுவினம்.

உங்கட கேமில விளையாடுற ஆள் அந்த மேசைக்கு எந்தப் பக்கம் இருக்கிறான்? ரெண்டு பேப்பரையும் வச்சுப் பிழை பிடிக்கிற பக்கம்தானே? அதை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. எனக்கு இப்ப 50 தாண்டீட்டுது, இப்பவும் ஆரும் ஒரு கேள்வியை ரெண்டாந்தரம் கேட்டா வயித்துக்குள்ள என்னவோ செய்யும்.

வாத்தியார் மோள்:

தங்கச்சி சொன்ன மெட்ராஸ் சீரியல் விசயத்துக்கு மட்டும் வாறன், ஏனெண்டா நான் ஊரில தமிழ் படிப்பிக்கிறனான், எனக்கு இதில ஒரு விசர்.

நீங்கள் 180 துண்டையும் தமிழ்நாட்டுப் பேச்சில எழுதியிருந்தா பாதிக் கைத்தடயத்தை நீங்களே அழிச்சுப்போட்டியள். எங்கட பேச்சில "உது" இருக்கு. இது, உது, அது. வேற இடங்களில நடுவில உள்ளது போய்ட்டுது, எங்களிட்ட இன்னும் இருக்கு. விசாரணையில அந்த அக்கா "அவரை எனக்குத் தெரியாது" எண்டு சொன்னா அந்த ஆள் எங்கயோ தூரத்தில. "உவரை எனக்குத் தெரியாது" எண்டு சொன்னா? அந்த ஆள் அங்கதான், கேக்கிறவருக்குப் பக்கத்தில இருக்கிறான், இல்லாட்டி கேக்கிறவர்ர கையில அவன்ர படம் இருக்கு. கமரா அவவைத்தான் காட்டுது, ஆனா ஒரு எழுத்தில அறைக்குள்ள மூண்டாவது ஆள் வந்திட்டான். இதை இங்கிலீசில செய்ய ஏலாது.

மற்றது "கேக்கிறவர்", "போறவர்", "குடிக்கிறவர்". "அவர் இரவில ரேடியோ கேக்கிறவர்" எண்டு ஒரு மனிசி சொன்னா, இப்பவும் கேக்கிறாரோ, முந்திக் கேட்டவரோ? ரெண்டுக்கும் நாங்கள் அதையேதான் சொல்லுவம். புருசனைக் காணாத மனிசி வருசக்கணக்கா அவரைப் பற்றி இப்பிடிக் கதைக்கலாம், இருக்கிறார் எண்டும் சொல்லாமல், இல்லை எண்டும் சொல்லாமல். எங்கட ஒழுங்கையிலயே ஒரு அன்ரி அப்பிடித்தான் கதைக்கிறவ. நீங்கள் "கேட்டார்" எண்டு எழுதின உடன அவவின்ர வாயால நீங்களே அவரைச் சாகடிக்கிறியள்.

பேப்பரைக் கீழ வச்சிட்டு, வீட்டில இருக்கிற வயசான ஒரு ஆளைக் கதைக்கவிட்டு ஒரு மணித்தியாலம் போனில பதிஞ்சு, பதிஞ்சபடியே எழுதிப் பாருங்கோ. திருத்தாமல்.

செமிகோலன்:

தேடல் விசயம். வேர்ச்சொல் பிரிக்கிற மென்பொருளை நம்பி இறங்காதையுங்கோ, நான் வேற ஒரு வேலைக்கு இறங்கிப் பட்டனான். எழுத்துத் தமிழுக்கே தடுமாறும், எங்கட பேச்சுக்கு சொல்லவே தேவையில்ல. கிணறு கிணத்துக்க, வீடு வீட்டால, இண்டைக்கு இன்றைக்கு, ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி அடிப்பினம். 180 துண்டுதானே, ஒவ்வொண்டுக்கும் கையால அடிச்சொல் பத்துப் பன்னிரண்டு எழுதி ஒட்டுங்கோ, பிறகு எழுத்து வித்தியாசத்துக்கு ஒரு அட்டவணை, அவ்வளவும்தான், ரெண்டு பேர் இருந்தா ஒரு கிழமை வேலை.

ஆனா அந்த அஞ்சு கணக்கைக் கழட்டிப்போடாதையுங்கோ. ஹேர் ஸ்டோரியின்ர முழுச் சூக்குமமும் அதுதான். துண்டுகள் நாள் ஒழுங்கில வரும், அதால எல்லா இடத்திலயும் வாற சொல்லை அடிச்சா தொடக்க நாள் துண்டுகள் மட்டும்தான் கிடைக்கும், பிந்தின நாளுக்குப் போகோணும் எண்டா அங்க மட்டும் சொன்ன ஒரு சொல்லை நீங்கள் ஊகிச்சுப் பிடிக்கோணும். பூட்டும் இல்ல திறப்பும் இல்ல, ஆனா பூட்டித்தான் கிடக்கு. எங்கட பேச்சில "ஓம்", "இல்ல", "என்னண்டா" எல்லாம் ஆயிரம் தரம் வரும், அதெல்லாம் ஒண்டுக்கும் உதவாது, அது நல்லதுக்குத்தான்.

2019இல பார்லோ செய்த ரெல்லிங் லைஸ் எண்ட கேமையும் பாருங்கோ, வீடியோக் கோலில ஒரு பக்கத்து ஆள் மட்டும்தான் தெரிவார், மற்றப் பக்கம் வேற துண்டாக் கிடக்கும், ரெண்டையும் நீங்கள்தான் பொருத்தோணும். எனக்கு அது முதல் கேம் அளவுக்குப் பிடிக்கேல்ல, இழுவை.

பேர் வேண்டாம்:

நான் கேம் விளையாடுறேல்ல. தலைப்பைப் பாத்திட்டு உள்ள வந்தனான்.

என்ர அண்ணை காணாமல் போனதைப் பற்றி அம்மா எத்தினை இடத்தில சொல்லியிருக்கிறா எண்டு எனக்கு எண்ணிக்கை இல்ல. ஒவ்வொரு ஆணைக்குழு வாறநேரமும் போவா, படமும் பைலும் கொண்டு. ஒருத்தர் கேப்பார் என்ன சேட் போட்டிருந்தவர் எண்டு, நீலம் எண்டு சொல்லுவா. அடுத்த வருசம் வேற ஒருத்தர் கேப்பார், கோடு போட்ட சேட் எண்டு சொல்லுவா. நீலக் கோடு போட்ட சேட்தான் அது. கேக்கிறவை அவசரத்தில இருப்பினம், அவ பாதி சொல்லுவா. பிறகு ஒரு நாள் ஒருத்தர் "அம்மா நீங்கள் மாத்திச் சொல்லுறியள்" எண்டார். அண்டைக்கு வீட்ட வந்து சாப்பிடேல்ல.

கேம் செய்யுங்கோ, நான் வேண்டாம் எண்டு சொல்லேல்ல. ஆனா கதை மாறினா பொய், பொய்யைப் பிடிச்சா வெற்றி எண்டு மட்டும் வைக்காதையுங்கோ தம்பி. எங்கட ஊரில கதை மாறுறதுக்கு வேற காரணம் கனக்க இருக்கு.

திண்ணைவேலிப் பெடியன்:

அக்கா, நீங்கள் எழுதினதை வாசிச்சுப்போட்டு ரெண்டு நாள் ஒண்டும் எழுதேல்ல. கடைசியில குற்றவாளியைத் தெரிவுசெய்யிற ஒரு பக்கம் வச்சிருந்தனாங்கள், சரியா அமத்தினா நட்சத்திரம் வரும். அதை நேற்று இரவு எடுத்தாச்சு. சிநேகிதனுக்குக் கொஞ்சம் கோவம், பரவாயில்ல. காணாமல் போன ஆக்களின்ர கதையை நான் தொட மாட்டன், எனக்கு அதுக்குத் தகுதி இல்ல.

சூரிச் அண்ணை, மேசையின்ர எந்தப் பக்கம் எண்டு கேட்டியள். இன்னும் பதில் இல்ல.

இடையில வேற ஒரு விசயம் நடந்தது. வாத்தியார் மோள் அக்கா சொன்னபடி அம்மாவைக் கதைக்கவிடுவம் எண்டு போனை வச்சுக்கொண்டு போய் இருந்தன், ஏன் எண்டு கேட்டா, இந்தத் திரியை வாசிச்சுக் காட்டினன். அவ ஒண்டும் சொல்லாமல் எழும்பிப் போய் அலுமாரிக்கு மேல இருந்து ஒரு பிஸ்கற் ரின்னை இறக்கிக்கொண்டு வந்தா. உள்ளுக்க ஒரு கசெற். மாமா 80களில கனடா போனவர், கடிதம் எழுதப் பஞ்சியில கசெற்றில கதைச்சு அனுப்புறவராம், ஆரும் வாற ஆக்களிட்டக் குடுத்துவிட்டு. அம்மா அதைக் கேட்டு, அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் வரிசையாப் பதில் சொல்லி இன்னொரு கசெற்றில பதிஞ்சு திருப்பி அனுப்புவாவாம். இது 95இல பதிஞ்சது, அனுப்ப முதல் இடப்பெயர்வு வந்திட்டுது. மாமாவின்ர கசெற் எல்லாம் வீட்டோட போச்சு, இது மட்டும் உடுப்புப் பைக்குள்ள போய்த் தப்பியிருக்கு.

எனக்குக் கை நடுங்கினது. கேள்வி இல்லாத பதில் முப்பது வருசமா எங்கட அலுமாரிக்கு மேல கிடந்திருக்கு, நான் இங்கிலாந்துக்காரன்ர கதையைப் படிச்சுக்கொண்டு இருக்கிறன்.

பிரச்சினை என்னண்டா போட்டுக் கேக்க ஒண்டும் இல்ல. ரேப்பில வெள்ளையாப் பூஞ்சணம் மாதிரியும் கிடக்கு. யாழ்ப்பாணத்துக்க ஆரிட்டையும் வேலை செய்யிற கசெற் டெக் இருக்கோ?

பழைய கிளாக்கர்:

என்னட்ட இருக்கு, கொக்குவில். பற்றரியும் போடலாம், கறண்டிலயும் ஓடும். டெக்கின்ர தலைக்கு ஸ்பிரிற் போட்டுத் துடைச்சு வைக்கிறன், வாரும்.

செமிகோலன்:

கவனம், பூஞ்சணம் இருந்தா நேர போட்டு ஓட விடாதையுங்கோ, ரேப் ஒட்டியிருந்தா அறுந்துபோம். முதல்ல கோதைத் திறந்து, ரேப்பை ஆறுதலாத் துடைச்சு, ரெண்டு உருளையையும் நல்ல கசெற் ஒண்டின்ர கோதுக்குள்ள மாத்துங்கோ. ரேப்பைத் தலையோட அமத்துற அந்தச் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருக்கும், அதையும் பாருங்கோ. முதல் ஓட்டத்திலயே கொம்பியூட்டரில பதியுங்கோ, ரெண்டாம் ஓட்டம் கிடைக்கும் எண்டு நிச்சயம் இல்ல. ஏலாட்டி நூலகம் எண்ட நிறுவனத்து ஆக்களிட்டக் கேட்டுப் பாருங்கோ, 2005இல இருந்து பழசுகளை எண்ணிமப்படுத்துற ஆக்கள், ஒரு யோசனையாவது சொல்லுவினம்.

திண்ணைவேலிப் பெடியன்:

போனனாங்கள். அம்மாவும் வந்தவ. கிளாக்கர் ஐயா வீட்டில தேத்தண்ணியும் பயித்தம்பணியாரமும், அதுக்குத் தனியா நன்றி.

60 நிமிசக் கசெற், ஒரு பக்கம்தான் பதிஞ்சது, அதுவும் 22 நிமிசம். அப்ப கறண்டும் இல்ல, பற்றரியும் வாங்க ஏலாது, அதால சைக்கிளைக் கவிட்டு வச்சு டைனமோவில ரெக்கோடர் ஓடியிருக்கு. மிதிக்கிறது குறைஞ்ச இடத்தில மோட்டர் மெதுவா ஓடிப் பதிஞ்சிருக்கு, இப்ப சரியான வேகத்தில போட அந்த இடங்களில அம்மாவின்ர குரல் சின்னப்பிள்ளையின்ர மாதிரிக் கீச்சிடுது. பின்னால செயின் சத்தம் முழுக்க. ஒரு இடத்தில "உவர் களைச்சுப்போனார், கெதியாச் சொல்லுறன்" எண்டு சொல்லுறா. உவர். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. அப்பாதான் மிதிச்சிருக்கிறார். அப்பா போய் இப்ப ஒன்பது வருசம், அந்தக் கசெற்றில அவர் ஒரு சொல்லும் கதைக்கேல்ல, சக்கரம் சுத்துற சத்தம் மட்டும்.

மிச்சமெல்லாம் பதில். ஓம் அண்ணை கிடைச்சது. அம்மம்மாக்கு இப்பப் பரவாயில்ல. மாமரம் காய்க்கேல்ல. கிளாக்கர் ஐயா சும்மா இருக்கேல்ல, பழைய பழக்கம், ஒரு பேப்பரை எடுத்து "இல்ல" வாற இடத்துக்கெல்லாம் கோடு போட்டுக்கொண்டு வந்தவர். பதினாலு வந்தது. அதில ஒண்டு மூண்டு தரம் வருது, தொடக்கத்தில ஒருக்கா, நடுவில ஒருக்கா, முடியப்போற நேரம் ஒருக்கா. "இல்லயண்ணை, அதை நான் விக்கேல்ல."

எதை அம்மா எண்டு கேட்டன். ஐயாவும் பேனையைக் கையில வச்சுக்கொண்டு அவவைப் பாக்கிறார். அவ டெக்கைப் பாத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தா. "ஆருக்கு ஞாபகம், முப்பது வருசம்" எண்டா. பிறகு பயித்தம்பணியாரம் நல்லாயிருக்கு, சீனியோ சர்க்கரையோ போட்டது எண்டு கிளாக்கர் ஐயான்ர மனிசியைக் கேட்டுக்கொண்டு குசினிப் பக்கம் போட்டா.

வீட்ட வந்தும் ஒருக்காக் கேட்டன். "நீ என்ன பொலிஸோ?" எண்டா.

மாமா ரொறன்ரோவிலதான் இருக்கிறார், நல்ல சுகம், கோல் எடுத்தா என்ன கேட்டவர் எண்டு சொல்லக்கூடும். எடுக்கட்டோ வேண்டாமோ எண்டு தெரியேல்ல. நகைக் களவு 180 துண்டையும் ஒரு பக்கத்தில தூக்கி வச்சாச்சு.

சூரிச் குளிர்:

எடுக்காதையுங்கோ. அம்மா தானாச் சொன்னாச் சொல்லட்டும்.

பழைய கிளாக்கர்:

அதுக்கு முதல் அந்தக் குரலைக் கேமில போடலாமோ எண்டு அம்மாட்ட வாயால கேட்டுப் பதில் வாங்கும். நான் கீறின பேப்பரும் இஞ்சதான் கிடக்கு, வந்து எடும், இல்லாட்டி மனிசி அடுப்புக்கு வச்சிடுவா.

மழைக்கோட்டு:

அண்ணை ஆண்ட்ராய்டுக்கு வருமோ எண்டு முதலே கேட்டனான்.

திண்ணைவேலிப் பெடியன்:

வரும். எப்ப எண்டு மட்டும் கேக்காதையும்.